ஒரு குறையும் இல்ல டீச்சரம்மா

"ஹீட்டர் ஓடலன்னு வீட்டு ஓனர்கிட்ட சொன்னீங்களா இல்லையா?"

"போன் பண்ணேன் டீச்சரம்மா."

"பண்ணி?"

"அவங்கம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டேன். வீடு குடுத்ததுக்கு நன்றி சொன்னேன். வெச்சிட்டேன்."

கெல்சி தலையில கைய வெச்சுக்கிட்டா.

அமெரிக்காவுல பஃபலோங்கற ஊர்ல டிசம்பர் மாசம்ங்க! வெளிய பனி இடுப்பளவு நிக்குது. லேபா அக்கா வீட்ல ஹீட்டர் செத்து ஒரு வாரம். கைக்குழந்தை விடாம இருமுது. ஆனா அக்கா பர்மாலேர்ந்து வந்த கரேன் இனத்து ஆளு. அடுத்தவங்கள சங்கடப்படுத்தறதுக்கு பதிலா விறைச்சே போயிடலாம்னு நினைக்கற ஜனம். லைப்ரரி கீழ்த்தளத்துல இவங்களுக்கெல்லாம் காசு வாங்காம இங்கிலீஷ் சொல்லித்தர வந்தவதான் கெல்சி. வயசு இருபத்தி மூணு, வாய் மட்டும் அறுபது.

"விடுங்க, நானே பேசிடறேன்."

லேபா அக்கா போன பிடுங்கிட்டாங்க. "நாளைக்கு ஆஸ்பத்திரி, ஸ்கூல் எல்லாத்துக்கும் நான்தானே பேசணும்? நானே சொல்றேன்."

சரின்னு கெல்சி போர்டுல எழுதிப் போட்டா. அக்கா ஸ்பீக்கர்ல படிச்சாங்க. "ஹீட்டர் ஓடல."

"அடடா, ரொம்பக் குளிருதா?"னு கேட்டார் ஓனர் ஸ்டான்கோ.

இது போர்டுல இல்லியே! அக்கா ஆடிப்போயிட்டாங்க. "இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்கு! சும்மா சொன்னேன்!"

"நல்லவேளை," வெச்சிட்டார் மனுஷன்.

"நேர்ல போங்க,"ன்னா கெல்சி. வெறுங்கையோட எப்படி போறது? மூங்கில் குருத்து சூப் ஒரு பானை கொண்டு போனாங்க. சனிக்கிழமையே ஸ்டான்கோ வந்து நின்னார்.

"ஹீட்டர பாக்கத்தானே?"

"இல்ல டீச்சரம்மா. இன்னும் சூப் இருக்கான்னு பாக்க. அடுப்பு எரிஞ்சிட்டு இருந்துச்சா, 'வீடு நல்லா கதகதப்பா இருக்கே'ன்னார். அடுத்த வாரம் மச்சானையும் கூட்டிட்டு வராராம்."

கெல்சிக்கு பிபி ஏறிடுச்சு. "இப்ப நான்தான் ஸ்டான்கோ. என்கிட்ட சண்ட போடுங்க!" மேசைய ஓங்கி ஒரு தட்டு. "என்ன வேணும் உனக்கு?"



பின்னாடி பெஞ்சு டூலே அண்ணன் மெதுவா எழுந்து வந்து, ஒரு ஆரஞ்சு உரிச்சு அவ கையில வெச்சார். "காலைல சாப்பிடல போல பாவம்."

அவ்வளவுதான். எப்படி குறை சொல்றதுன்னு கெல்சி கிளாஸ் முடியறவரைக்கும் பேசினா. குரல் எப்படி இருக்கணும், எங்க நிறுத்தணும், கண்ண எங்க பாக்கணும், அவளோட அத்தை ஒரு தடவ ஓட்டல்ல எப்படி கத்துனாங்க, எல்லாம். கிளாஸ்ல எல்லாரும் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தாங்க.

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

"ஒரு குறையும் இல்ல டீச்சரம்மா. ரொம்ப நன்றி."

"ஐயோ! ஒரே ஒரு குறை சொல்லுங்க! யார பத்தி வேணா! சொல்லாம அடுத்த கிளாஸுக்கு வராதீங்க!"

அடுத்த கிளாஸ். லேபா அக்கா குழந்தையோட உள்ள வராங்க. முகம் பூரா சிரிப்பு.

"ஹீட்டர் ஓடுது!"

"என்னது?"

"ஸ்டான்கோ சூப்புக்கு வந்தப்ப ஹீட்டர் ஓடலன்னேன். 'ரொம்பக் குளிருதா'ன்னார். 'ஆமா, இன்னிக்கே சரி பண்ணுங்க'ன்னேன். மன்னிப்பு கேக்கல. சூப்பும் குடுக்கல! சாயங்காலமே ஆள் வந்துட்டான்."

கிளாஸே கை தட்டுது. டூலே அண்ணன் விசில் அடிக்கறார். கெல்சி நாற்காலி மேல ஏறிட்டா. "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? அது எப்படின்னா, முதல்ல குரல்..."

அக்கா குழந்தைய தூக்கி முகத்த மறைச்சுக்கிட்டாங்க. "முதல்ல வேற ஒருத்தர்கிட்ட சொல்லிப் பழகினேன் டீச்சரம்மா. அதுக்கப்புறம்தான் அவர்கிட்ட."

"யார்கிட்ட?"

கதவுப் பக்கம் டெனிஸ் நின்னாங்க. லைப்ரரில இந்த கிளாஸ பாத்துக்கறவங்க.

"என்கிட்டதான். 'எங்க டீச்சர் நல்ல பொண்ணு, ஆனா கிளாஸ் பூரா அவளே பேசறா, நாங்க எப்ப பேசறது? இந்த வாரமே சரி பண்ணுங்க'ன்னு போன்ல பிடிபிடின்னு பிடிச்சிட்டாங்கம்மா!"

'குறை சொல்லிட்டாங்க!'ன்னு கெல்சி நாற்காலி மேலயே ஒரு குதி குதிச்சா பாருங்க! நீங்களா இருந்தா குதிச்சிருப்பீங்களா, கோவிச்சிருப்பீங்களா?