டென்மார்க்குக்கு அனுப்பிய கொசுறு

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஏற்றுமதித் தொழிலை ஒரே கடிதத்தில் இழுத்து மூடியிருக்கிறேன். பரம்பரை எதிரிக்குக்கூட இதற்கு நாலைந்து வருடம் பிடித்திருக்கும்.

தொழில், ஊரே 'டென்மார்க்' என்று கூப்பிட்ட மனிதருடையது. உடையார்பாளையத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரரே யோசிப்பார். டென்மார்க்கைப் பற்றி அவரளவு கவலைப்பட்டவர் டென்மார்க்கிலேயே இருந்திருக்க மாட்டார். அங்கே ஒரு கம்பெனி அவரிடம் முந்திரிப் பருப்பு வாங்கியது, அவ்வளவுதான் உறவு. திருச்சியைத் தாண்டாத மனிதர், சித்திரை வெயிலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு செல்போனைப் பார்ப்பார். "அங்க மூணு டிகிரியாம் சார். புள்ள குட்டிங்களை வச்சிகிட்டு என்னா பண்ணுவாங்க?"

அவர் ஷெட்டில் இருபது பெண்கள் கொட்டை உடைத்து, பருப்பில் தோல் உரித்தார்கள். சீசன் முடிந்தால் மற்ற ஷெட்டுகளில் பூட்டு தொங்கும். இவருடையது மட்டும் டென்மார்க் புண்ணியத்தில் வருடம் முழுக்க ஓடியது.

ஒரே வம்பு, கொசுறு. பத்து கிலோ பெட்டியில் எடை சரியாக நின்ற பிறகு, ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் மூடுவார். பெண்களுக்கு மேஸ்திரியான செல்வி கத்துவார்:

"பெட்டியில பத்துன்னு போட்டிருக்கு. நீங்க பாட்டுக்கு அள்ளிப் போடுறீங்களே!"

"அட போம்மா. கடல் தாண்டிப் போவுது. நிறுத்ததை அப்படியே குடுத்தா நம்மள என்னா நெனைப்பான்?"

நினைத்ததை அவர்கள் எழுதியே அனுப்பினார்கள். ஒரு முறை அங்கே பெட்டிகளை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றுகூடச் சரியாகப் பத்து கிலோ இல்லை. ஒன்றைப் போல் இன்னொன்றும் இல்லை. காகிதத்தில் உள்ள எடை சரக்கோடு பொருந்தவில்லை, விளக்கம் தேவை என்று மெயில் வந்தது. அவருடைய ஆங்கிலக் கடிதங்களை எழுதிக் கொடுப்பது நான்தான்.

'தவறு நடந்துவிட்டது, இனி நடக்காது' என்று ஒரு வரி போதும். நானோ வரலாற்று ஆசிரியன். எதையும் ஒரு வரியில் முடித்துப் பழக்கமில்லை. கொசுறுக்கு ஆங்கிலத்தில் சொல் அகப்படாததால் இரண்டு பக்கம் எழுதினேன். விருந்தோம்பல் வந்தது. சோழர் கால வணிகம் வந்தது. 'இது பிழையன்று; வேண்டுமென்றே செய்வது; இனியும் செய்வோம்' என்று முடித்து, எழுந்து நின்று தமிழில் விளக்கியும் காட்டினேன். ஷெட்டே கைதட்டியது. டென்மார்க் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதில் நான்கு வரி. இந்தச் சரக்கை ஏற்க முடியாது. இனி ஒவ்வொரு தடவையும் வெளியாள் தரும் எடைச் சான்று, ஆய்வகச் சான்று, கூடவே முப்பது பக்கப் படிவம்.

பெரிய கம்பெனிகளில் இதற்கென்று ஒரு மாடியே இருக்கும். டென்மார்க்கிடம் இருந்தது நான். எட்டாம் பக்கத்துக் கேள்வி புரியாமல் நான் தலையைச் சொறிந்தபோது, அவர் காகிதத்தை மெல்ல வாங்கி மடித்தார்.

"வுடுங்க சார். நம்ம மேல நம்பிக்கை வுட்டுப்போச்சு அவங்களுக்கு. அதுக்கு ஏது ஃபாரம்?"

சரக்கு மாதக்கணக்கில் கடலில் கிடந்து, நமுத்துத் திரும்பியது. அந்த ஆண்டு சீசன் முடிந்ததும் அவரும் ஷெட்டைப் பூட்டினார். பாதிப் பெண்கள் திருப்பூருக்குப் பஸ் ஏறினார்கள். அவர் ஜன்னல் ஜன்னலாகப் போய், "சீசனுக்கு வந்துடுங்க தாயி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவர் செல்போனில் வானிலை பார்த்து நான் கண்டதில்லை.

ஆனால், என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாரைப் பார்த்தாலும், "நம்ம ஃபாரின் லெட்டரெல்லாம் சார்தான் எழுதுவாரு" என்றுதான் கடைசிவரை அறிமுகப்படுத்தினார்.

போன மாசியில் போய்ச் சேர்ந்தார். காரியத்தன்று செல்வியைத் தனியே கூப்பிட்டு, வருடக்கணக்கில் தொண்டையில் நின்றதைச் சொன்னேன்: "உங்களுக்கெல்லாம் வேலை போனதுக்கு நான்தான் காரணம் செல்வி. நான் எழுதின லெட்டர்..."

செல்வி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்: "ஒங்க இங்கிலீசு தேறாதுன்னு அவருக்குத் தெரியாதா சார்? வேற ஆளைப் பாருங்கன்னு நானே எத்தனையோ தரம் சொன்னேன். 'எழுதறப்ப அந்த மனுசன் மொகத்தைப் பாத்தியா, எப்புடிப் போயி வேணாங்கறது'ம்பாரு."