ஊசி பாயும் என் கிராமபோன் பெட்டியும்

தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை மீனைக் கொல்லத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். பாட்டைக் கொல்லத் தெரிந்தவர் ஊசி பாய் ஒருவர்தான். சென்னையில் நாற்பது பேர் சேர்ந்து வாசித்து, பாடி, பதிவு செய்து அனுப்பிய சினிமாப் பாட்டை மூன்றே நிமிடத்தில் வெட்டி, கழுவி, உப்புத் தடவிக் காயப்போட்டுவிடுவார். அதுவும் என் வீட்டில், என் கிராமபோன் பெட்டியில், நான் வாங்கிய பிளேட்டை வைத்துக்கொண்டு, என் மனைவி போட்ட காபியைக் குடித்தபடி.

எனக்கு அவர்மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் பாம்பன் தபாலாபீஸில் குமாஸ்தா. சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். கடலையும் கருவாட்டையும் பார்த்து மிரண்டு போயிருந்த எனக்கு அங்கே மரியாதை தேடித் தந்தது கிராமபோன் பெட்டிதான். மாமனார் சீராகக் கொடுத்தது. கடலுக்கு அந்தப் பக்கத்து ரேடியோ எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி தெளிவாகக் கேட்கும். புதுப் படத்துப் பாட்டு அதில் வந்ததுமே மதுரையில் ஒரு கடைக்குக் கடிதம் போட்டுவிடுவேன். ஒரு படத்துப் பாட்டு முழுக்க ஐந்தாறு பிளேட்டில் வரும், அதற்கு செட் என்று பெயர். பார்சல் என் கைக்கே வந்து சேரும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் என் வீட்டுக் கூடத்தில் கூடுவார்கள். பிளேட்டு சுற்றி முடிந்ததும் ஒவ்வொருவராக அபிப்பிராயம் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் காபி குடித்த நன்றிக்கு எல்லாப் பாட்டையும் புகழ்ந்து தள்ளினார்கள். இது சரிப்படாது என்று நானே பெருந்தன்மையாக ஒரு சட்டம் போட்டேன். பிளேட்டு கொண்டுவந்தவன் கடைசியில்தான் வாயைத் திறக்க வேண்டும். டீக்கடை காளிமுத்து அதைக் கேட்டு, "சார் சொன்னா ரைட்டுத்தான்" என்றான். எல்லாப் பிளேட்டும் என்னுடையவை என்பதும், ஆகவே எல்லா நாளும் நான்தான் கடைசி என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஊசி பாய் வந்து சேர்ந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் தபாலாபீஸ்காரனான எனக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொன்னால் அவர் வீட்டுக்காரம்மாவுக்கே யாரென்று விளங்காது. காலையில் கடற்கரையில் மீன் ஏலம் கூறுவது தொழில். சாயங்காலம் வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, இடுப்பில் ஒரு தகர டப்பி. வந்த முதல் நாளே டப்பியைத் திறந்து, என் பெட்டியிலிருந்த ஊசியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"என்ன பாய் பண்றீங்க?"

"இது வேணாம் சார். இந்த ஊசி கண்ட பாட்டுலயும் ஓடியிருக்கு. நல்ல பாட்டைப் போட்டா தீட்டு."

டப்பிக்குள் வகைவகையாக ஊசி இருந்தது. வேடிக்கைப் பாட்டுக்குக் கட்டை ஊசி, சண்டைப் பாட்டுக்குப் புது ஊசி. சோகப் பாட்டுக்கு ஊசியே கிடையாது. உடைமரத்து முள்ளை வெயிலில் காயவைத்துச் சீவி வைத்திருந்தார். அதைச் சொருகினார். மாமனார் வீட்டுப் பெட்டி அதுவரை கத்திக்கொண்டிருந்தது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. குரல் அப்படிக் கனிந்து வந்தது. அடுக்களையிலிருந்து என் மனைவி ஈரக் கையோடு வந்து நின்று, "இது நம்ம பெட்டியா?" என்றாள். எனக்கு அப்போது பிடித்த எரிச்சல் பல வருஷம் அணையவில்லை.

பாடுகிறவர்களை அவர் சட்டையே செய்யமாட்டார். பின்னால் வாசிக்கிறவர்கள்தான் அவருக்குக் கணக்கு. "பாடுறவன் மாப்பிள்ளை சார், மாலை போட்டு உக்காந்திருப்பான். பந்தி ருசியா இருக்கணும்னா சமையக்காரனத்தான் பாக்கணும்" என்பார். உச்சிப்புளி டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் எடுத்து, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்வார். மூஞ்சியைப் பார்த்தால் காது சோம்பேறியாகிவிடுமாம். ஒருமுறை கதாநாயகி உயிரை விடுகிற இடத்தில் கூட்டமே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, இவர் மட்டும் கெக்கெக்கே என்று சிரித்தார். வெளியே இழுத்துவிட்டார்கள். ஏன் சிரித்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, "அவ சாகுற நேரம் பாத்து பிடில்காரன் ஒருத்தன் தூங்கிட்டான் சார். நீங்க கவனிக்கலையா?" என்றார். கவனித்த மாதிரி தலையாட்டி வைத்தேன்.

தீர்ப்பு எல்லாம் மீன் கணக்கில்தான் வரும். வாத்தியத்தை அள்ளிப் போட்டு ஆர்ப்பாட்டம் செய்கிற பாட்டு பேத்தை. "ஊதிக்கிட்டு நிக்குது, உள்ள காத்துத்தான்." கேட்கச் சிரமமாக இருந்து, போகப்போகப் பிடித்துப்போகிற பாட்டு காரல். "முள்ளு சாஸ்தி, பொறுமையாத் தின்னா ருசி." மிக உயர்ந்த பாட்டுக்கு, ஏலத்தில் அதிக விலை போகிற மீனான சீலாவின் பெயர். என் பிளேட்டுகளில் ஒன்றுகூட சீலா ஆகவில்லை. கூட்டத்துக்கு இதெல்லாம் வேதமாகிவிட்டது. அவர் வாயைத் திறக்கும் முன்பே காளிமுத்து சிரிக்கத் தயாராகிவிடுவான். என் முறை வரும்போது யாராவது செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

என் மனைவியும் கட்சி மாறினாள். புது செட் வந்தால், "நல்லாருக்குங்களா?" என்று என்னைக் கேட்பதை விட்டுவிட்டு, "பாய் கேட்டாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தாள். "பெட்டி என்னோடது" என்றேன் ஒருநாள். "பெட்டி எங்கய்யா குடுத்தது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. அப்புறம் ஒரு செட் வந்தது. அதில் ஒரு பாட்டு. பாட்டின் நடுவில் ஒரு புல்லாங்குழல் தனியாக வரும், என்னவோ சொல்ல நினைத்துத் தயங்கும், சொல்லாமல் திரும்பிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் சாப்பாட்டை மறந்து அதையே திருப்பித் திருப்பிக் கேட்டோம். பிளேட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தில் அவள் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். இந்தத் தடவை பாய் மடங்கியே ஆகவேண்டும் என்று நினைத்தேன். கடைசியில் பேசினாலும் பரவாயில்லை என்று, அந்தக் குழலைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கமே மனப்பாடம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை பாய் உடைமுள்ளைச் சொருகினார். கேட்டார். வழக்கமில்லாத வழக்கமாக, "இன்னொருக்கா போடுங்க சார்" என்றார். மறுபடி கேட்டார். கண்ணைத் திறக்க வெகுநேரம் பிடித்தது.

"ஐஸ் மீனு" என்றார். "கண்ணு பளபளனு இருக்கு, செவுளு வெளுத்துப்போச்சு. ரயிலேத்தி மதுரைக்கு அனுப்புங்க. அங்கன உள்ளவுக திம்பாக."

காளிமுத்து சிரித்த சிரிப்பில் அவன் கையிலிருந்த காபி பக்கத்தில் இருந்தவர் வேட்டியில் கொட்டியது. அதைத் துடைக்கிற அமளியில் என் முறை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மறுநாள் காலை கார்டு வாங்க வந்த தங்கச்சிமடத்து மைக் செட்காரரிடம் அந்தப் பிளேட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தங்கச்சிமடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பனைமரத்தில் கட்டிய மைக் குழாயில் அந்தப் பாட்டு வந்தது. முடிந்தது. மறுபடியும் அதே பாட்டு வந்தது. நான் போன பிறகே மூன்றாவது தடவையும் வரவே, பந்தலுக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். மைக் செட் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் ஊசி பாய் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது, கன்னம் நனைந்திருந்தது.

"இன்னொருக்கா போடுப்பா."

"இதோட அஞ்சாச்சு பாய். மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வைவாக" என்றார் மைக் செட்காரர்.

"என்ன பாய், ஐஸ் மீனு இம்புட்டு ருசியா?" என்றேன் நான்.

திடுக்கிட்டு எழுந்தார். என்னைப் பார்த்தார், சுற்றிக்கொண்டிருந்த பிளேட்டைப் பார்த்தார். அது நின்றதும் நடுவிலிருந்த குங்குமம் தெரிந்தது.

"இது உங்க வீட்டுப் பிளேட்டா? ஏன் சார் இங்கன குடுத்தீக?"

"நீங்க அப்படிச் சொன்னப்புறம் வீட்ல வச்சா நாறாதா?"

கொஞ்சநேரம் டப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"நெசத்தைச் சொல்றேன் சார். அந்தக் குழலு வந்துச்சுல்ல, அப்பவே எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. நீங்க நெனச்ச நேரம் சாவி குடுத்துக் கேப்பீக. நான் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்துக் கெடக்கணும். நல்லாருக்குனு சொல்லிட்டா அது உங்க பாட்டு. மட்டம்னு சொன்னா அது என் பேச்சு. என்கிட்ட பேச்சைத் தவிர வேற என்ன சார் இருக்கு?"

நியாயமாக நான் இரங்கியிருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மூன்று வருஷமாக நான் இவரை நினைத்துப் புழுங்க, இவர் என்னை நினைத்துப் புழுங்கியிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இதைப் போட்டு உடைத்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் தயாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பாய் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. புது செட் போட்டேன். "நல்லாருக்கு" என்றார் ஒருவர். "நல்லாத்தான் இருக்கு" என்றார் இன்னொருவர். காளிமுத்து கொட்டாவி விட்டான். கடைசியில் நான் விரிவாகப் பேசினேன், எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். மூன்று வருஷமாக நான் ஏங்கிய காட்சி அதுதான். சப்பென்று இருந்தது. பாயைப் பற்றி என்ன சொல்ல நினைத்தேனோ, அதைச் சொல்ல ஏனோ நாக்கு எழவில்லை.

மூன்றாவது வாரம் புதன்கிழமை மதுரையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. தட்டையாக, சதுரமாக, உடையும் பொருள் என்று எழுதி. மதுரையில் நான் பிளேட்டு வாங்குகிற அதே கடை. விலாசம் ஊசி பாயுடையது. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பெட்டி இல்லாத மனிதனுக்குப் பிளேட்டு எதற்கு? பெட்டி வாங்கிவிட்டார். அதனால்தான் வரவில்லை. இனிமேல் கூட்டம் அங்கேதான். காளிமுத்து போவான், எல்லோரும் போவார்கள், என் மனைவிகூடப் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு போவாள். பார்சலைக் கொடுத்துவிட்டு வந்த தபால்காரரை ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"பாய் வீட்ல பெட்டி ஏதும் பாத்தீரா?"

"இருக்கு சார், நாலஞ்சு. எல்லாம் மீன் பெட்டி."

இரண்டு ராத்திரி தூக்கமில்லை. வெள்ளிக்கிழமை கூட்டம் கூடியபோது ஊசி பாய் பழையபடி வாசலில் நின்றார். கையில் அந்தப் பார்சல் இருந்தது. பிரித்தார். அதே படம், அதே பாட்டு, புதுப் பிளேட்டு. பெட்டியில் வைத்து, உடைமுள்ளைச் சொருகி, சாவி கொடுத்தார். குழல் வந்து, தயங்கி, திரும்பிப் போயிற்று. முடிந்ததும் எல்லோரும் வழக்கப்படி பாய் முகத்தைப் பார்த்தார்கள்.

"என்னைய ஏன் பாக்குறீக? பிளேட்டு நான் கொண்டாந்தது. சட்டப்படி நான் கடைசி" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க மொதல்ல சொல்லுங்க சார்" என்றார்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. மனப்பாடம் செய்த பிரசங்கம் முழுக்க நெஞ்சில் இருந்தது. தங்கச்சிமடத்து வசனமும் இருந்தது. இரண்டும் வெளியே வரவில்லை.

"சீலா" என்றேன்.

"ஆமா, சீலாதான்" என்றான் காளிமுத்து. மற்றவர்களும் ஒவ்வொருவராக ஆமோதித்தார்கள். கடைசியில் பாயின் முறை வந்தது.

"சார் சொன்னது சரி. சீலாதான்" என்றார். சற்று யோசித்தார். "ஆனா வெட்டுனவன் அவசரக்காரன். அந்தக் குழலு இன்னும் ரெண்டு மூச்சு நின்னுருக்கணும். நடுத்துண்டத்தை பூனைக்குப் போட்டுட்டான்."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. நான் சொன்னதை அதற்குள் எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவர் சொன்னதுதான் சரி என்பது வேறு எனக்கு நன்றாகத் தெரிந்தது. மறுபடியும் வயிறு எரிய ஆரம்பித்தது, நிம்மதியாகவும் இருந்தது. பிளேட்டை அவர் திரும்ப எடுத்துப் போகவில்லை. என் மனைவி அதற்குப் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. பாயும் மகளோடு நாகப்பட்டினம் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இப்போது என் வீட்டில் கரண்டில் ஓடுகிற பெட்டி இருக்கிறது, அலமாரி நிறையப் பிளேட்டு இருக்கிறது. வருகிறவர்கள் காபி குடிக்கிறார்கள், "நல்லாருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாகப்பட்டினத்தில் எவனோ ஒரு புண்ணியவான் ஆசை ஆசையாகப் பிளேட்டு வாங்கி வந்து, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஊசி பாயிடம் அது பேத்தை என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். அவனை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பொறாமையாக இருக்கிறது.