நேரசூசி அண்ணை ஏற்பாடு செய்த அஸ்தமனம்

திருகோணமலையில் சூரியன் ஐந்து நிமிடம் பிந்தி மறைந்தால், அதனிடமே விளக்கம் கேட்கத் துணிந்த ஒரே மனிதர் நேரசூசி அண்ணைதான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதை யாரும் தேடிப் பார்த்ததில்லை. தனியார் பஸ்காரர்களின் சங்கம் ஒன்றில் அவர் நேரம் குறிப்பவராக இருந்தார். எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று அழகான கையெழுத்தில் நேரசூசி எழுதி ஒட்டுவார். பஸ்கள் ஆள் நிரம்பியதும் புறப்படும். இருபது வருடத்தில் ஒரு பஸ்கூட அவர் சொல் கேட்டதில்லை. அந்த ஆத்திரத்தையெல்லாம் அவர் வீட்டில் தீர்த்துக்கொண்டார்.

அந்த வீட்டின் முன்னறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். சொந்த ஊர் வெருகல். துறைமுகத்துக்குக் கிட்ட, நில அளவைப் படம் வரையும் அலுவலகம் ஒன்றில் வேலை. நான் குடிவந்த அன்றே குளியலறைக் கதவில் என் பெயர் ஏறிவிட்டது. காலை 6.10 முதல் 6.22 வரை நான். பாட்டுப் பாடுவதென்றால் 6.20க்குள் முடித்துவிட வேண்டும் என்று கீழே ஒரு குறிப்பு. அண்ணை இரண்டு கைகளிலும் மணிக்கூடு கட்டியிருந்தார். இடக்கையில் சரியான நேரம், வலக்கையில் பஸ்கள் புறப்படும் நேரம். வலக்கையைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.

ஒருமுறை நிலாவெளியில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போனார். வழியில் நெரிசல் வரும், சில்லு காற்றுப் போகும், மழை பெய்யும் என்று எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கிப் புறப்பட்டார். அன்றைக்கென்று ஒன்றும் நடக்கவில்லை. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொம்பிளை வீட்டில் படலையே திறந்திருக்கவில்லை. பட்டுவேட்டியோடு நின்று வாழைமரம் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். அவருடைய மனைவி மலர் அக்கா அந்தக் கதையை யார் வந்தாலும் சொல்லுவார். அண்ணையும் பக்கத்தில் இருந்து, விடுபட்ட நிமிடங்களைச் சேர்த்துக் கொடுப்பார்.

எனக்கு முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகாதது மலர் அக்காவுக்குப் பெரிய கவலை. உப்புவெளியில் இருந்து நகரத்துக்கு வந்து கணக்குப் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவரின் வீட்டில் அவர்தான் என்னைப் பற்றிப் பேசினார். பெயர் தர்சினி. படத்தைக் காட்டியதும் எனக்குக் காது சுட்டது. எனக்கு அவரை ஏற்கெனவே தெரியும். அவருக்குத்தான் என்னைத் தெரியாது.

தர்சினி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து கதிரையில் வரிசையாக இருந்து பலகாரம் சாப்பிடும் வேலை வேண்டாம். கோணேசர் மலையில் சனிக்கிழமை பொழுதுபடுகிற நேரத்துக்கு வரட்டும். பெரியவர்கள் தள்ளி நிற்கட்டும். அரைமணித்தியாலம் தனியாகக் கதைத்துவிட்டு அன்றைக்கே முடிவு சொல்லுவார். இப்படி ஏற்கெனவே மூன்று பேருடன் கதைத்து, மூன்று பேருக்கும் அன்றைக்கே முடிவு சொன்னவராம். என்ன முடிவென்று நீங்களே ஊகிக்கலாம்.

அறிமுகமில்லாத பெண்ணின் முன்னால் எனக்குக் குரல் வராது. கடையில் பெண்கள் நின்றால் சவர்க்காரம் வாங்காமலே திரும்பி வருகிறவன் நான். அண்ணையோ சந்தோஷப் புழுகத்தில் மிதந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, நேரத்துக்குப் புறப்படும் ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது.

நான்கு மாலைப் பொழுதுகள் மலைக்குப் போய் அவர் சூரியனைக் கண்காணித்தார். வெளியூர்ச் சனம் எல்லாம் கிழக்கே கடலைப் பார்த்துக்கொண்டு அஸ்தமனத்துக்குக் காத்து நிற்பதைக் கண்டு அவருக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொருவராகப் பிடித்துத் திருப்பி விட்டிருக்கிறார். சூரியன் நகரத்துக்குப் பின்னால், உட்துறைமுகத்துப் பக்கம்தான் இறங்கும். அது நன்றாகத் தெரியும் கட்டைச் சுவர் ஒன்றை ஏறும் பாதையில் அவர் கண்டுபிடித்தார். சுவரில் வலப்பக்கம் இருப்பவருக்குக் கண் கூசும், ஆகவே பொம்பிளை இடப்பக்கம் என்று முடிவானது. எல்லாம் நாலு பக்கத்தில் எழுதப்பட்டது. முதல் பக்கம் வீட்டிலிருந்து மலையடியில் உள்ள கோட்டை வாசல் வரை. இரண்டும் மூன்றும் சுவரில் இருந்து கதைப்பது. நாலாவது திரும்பி வருவது. இரண்டாம் பக்கத்தில் ‘5.52 - சிரிக்கவும், பல் தெரியாமல்’ என்று இருந்தது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

வியாழக்கிழமை ஒத்திகை. சுவரின் இடப்பக்கத்தில் அண்ணை கால்களை ஒடுக்கிக்கொண்டு இருந்தார். தன்னைத் தர்சினி என்று நினைத்துக் கதைக்கச் சொன்னார். ஐம்பது வயது, அரிவாள் மீசை, இரண்டு மணிக்கூடு. அப்படியொரு தர்சினியின் முன்னால் எனக்குக் குரல் தாராளமாக வந்தது. ஏன் தன்னைக் கட்ட ஆசைப்பட்டேன் என்று அந்தத் தர்சினி தலையைக் குனிந்து கேட்டது. நான் யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். அண்ணை கண்ணைத் துடைத்தார். பிறகு நேரசூசியில் இல்லாத ஒரு வசனத்தை, கொஞ்சம் பெரிய குரலில் சொன்னார்.

“எனக்குச் சம்மதம்.”

சுற்றுலா வந்த ஒருவர் எங்களைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

சனிக்கிழமை நேரசூசியின் முதல் பக்கம் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. ஓட்டோ சொன்ன நேரத்துக்கு வந்தது. கோட்டை வாசலில் இறங்கினோம். அண்ணை மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, வெற்றிப் புன்னகையோடு தாள்களைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு மலர் அக்காவிடம் ஏதோ சொன்னார். அங்கே உலவும் புள்ளிமான்களைப் பற்றி அவர் எழுதியிருக்கவில்லை. கொழுத்த மான் ஒன்று பின்னால் வந்து தாள்களை மரியாதையாக உருவி எடுத்தது.

அண்ணை அதன் வாயிலிருந்து இழுத்தார். மானும் இழுத்தது. அண்ணை நியாயம் பேசினார். மான் மென்றுகொண்டே கேட்டது. முடிவில் அவர் கைக்கு முதல் பக்கமும் நாலாம் பக்கமும் கிடைத்தன. புறப்படுவதும் திரும்பி வருவதும் பத்திரம். நடுவில் நான் கதைக்க வேண்டியதெல்லாம் மானின் வயிற்றில்.

மேலே ஏறினால் மேற்கே வானம் முழுக்கக் கறுத்த முகில். சூரியன் இருக்கும் இடமே தெரியவில்லை. தர்சினியின் அம்மா முன்னரே வந்து நின்றார். அண்ணை நேரே அவரிடம் போய்க் கைகூப்பி, முகிலுக்காக மன்னிப்புக் கேட்டார். நாலு நாளும் இப்படி இருக்கவில்லை என்று சத்தியம் செய்தார். அந்த அம்மா குழம்பிப்போய், பரவாயில்லை என்றார்.

தர்சினி சுவரின் வலப்பக்கத்தில் போய் இருந்தார். நான் இடப்பக்கத்தில் இருந்தேன். பத்து நிமிடம் போனது. நகரத்துக்கு அப்பால் உட்துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. அதைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. தள்ளி நின்ற அண்ணை இடக்கை மணிக்கூட்டைத் தட்டித் தட்டிக் காட்டினார். நாலாவது ஆளாக நானும் உப்புவெளியில் நினைவுகூரப்படுவேன் என்று உறுதியானது.

அப்போது தர்சினி கப்பலைப் பார்த்தபடியே சொன்னார்.

“வியாழக்கிழமையும் நீங்கள் இந்தச் சுவரிலதான் இருந்தனீங்கள், என்ன?”

எனக்கு மூச்சும் நின்றது.

“இடம் எப்பிடி எண்டு பாக்க நானும் வந்தனான். அங்கால கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நிண்டனான். மீசை வச்ச தர்சினி ஒருத்தி உங்களோட கதைச்சுக்கொண்டிருந்தா.”

சுவரிலிருந்து அப்படியே கடலுக்குள் பாய்ந்தால் என்ன என்று யோசித்தேன். கடல் மறுபக்கத்தில் இருந்தது.

“அவவிட்ட நீங்கள் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது. காத்து அடிச்சது. அதை இப்ப என்னட்டச் சொல்லுங்கோ. மீசை இல்லையெண்டு யோசிக்காதேங்கோ.”

சிரிப்பு வந்துவிட்டது. பல்லும் தெரிந்தது. சிரித்த வழியாகவே குரலும் வந்தது. உப்புவெளி பஸ்ஸில், ஆள் இறங்குவதற்குள் பஸ்ஸை எடுக்கச் சொன்ன கொண்டக்டரைத் தர்சினி ஒருநாள் நிறுத்தி, வயதான ஒருவர் இறங்கும்வரை படியில் மறித்து நின்றதை நான் பார்த்திருந்தேன். அதன் பிறகு, அலுவலகத்துக்கு நடந்தே போகக்கூடிய நான், மூன்று கிழமையாக வேலை முடிய அந்த பஸ்ஸில் உப்புவெளி வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒருநாளும் கதைக்கத் தைரியம் வரவில்லை. இதைத்தான் மீசைத் தர்சினியிடம் சொன்னேன். இதைத்தான் அன்றைக்கும் சொன்னேன்.

மூன்று கிழமை என்றால் எத்தனை பயணம் என்று தர்சினி கேட்டார். போய் வந்தது முப்பது என்றேன். சனிக்கிழமைகளை விட்டுவிட்டேனா என்று கேட்டார். ஓம், சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லைதானே என்றேன். அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

சூரியன் எப்போது மறைந்ததென்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பாதை விளக்குகள் எரிந்த பிறகுதான் எழுந்தோம். அண்ணையின் முகம் வாடியிருந்தது. ஒன்றுமே திட்டப்படி நடக்காததால் காரியம் கெட்டுவிட்டது என்றே அவர் முடிவு செய்திருந்தார். தர்சினி அவரிடம் போய் நின்றார்.

“அண்ணை, கல்யாணத்துக்கும் ஒரு நேரசூசி போட வேணும். நீங்கள்தான் போட்டுத் தர வேணும்.”

அண்ணை இரண்டு மணிக்கூட்டையும் பார்த்தார். இரண்டிலும் அவருக்கு நேரம் தெரியவில்லை. கண் நிறைந்திருந்தது. மலர் அக்கா சேலைத் தலைப்பைக் கொடுத்தார்.

இது நடந்து ஆறு வருடமாகிறது. இப்போது உப்புவெளியில் இருக்கிறோம். கல்யாண நேரசூசி பதினொரு பக்கம். அதைப் பற்றி எழுதினால் இந்தப் பத்திரிகை முழுவதும் வேண்டியிருக்கும்.

போன மாசி மாதம் அண்ணைக்கு வயிற்றில் ஒரு சிறிய சத்திரசிகிச்சை நடந்தது. ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று டொக்டர் சொன்னார். மலர் அக்காவோடு நானும் தர்சினியும் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். அண்ணையைச் சுகமாக வெளியே கொண்டுவர ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் ஆனது. அண்ணையின் நேரசூசி ஒன்றும் இல்லாமல் அந்த இருபது நிமிடத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.