திறக்காத ஆய்வகத்தின் திறப்பு விழா

ப்ளஸ் டூ முடித்த ஒரு பெண் இயற்பியலும் படிக்க வேண்டும், பரதத்தையும் விடக்கூடாது என்று ஆசைப்படுவது சட்டப்படி குற்றமல்ல. ஆனால் அரியலூர்ப் பக்கம் அதற்கான ஏற்பாடும் இல்லை. அபிநயா ஆசையைச் சொன்னதும் சொந்தக்காரர்கள் கூடி, ரெண்டில் ஒன்றை விட்டுவிடு என்று தீர்ப்பளித்தார்கள். திருச்சியில் ஒரு நல்ல கல்லூரியில் இயற்பியலுக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கே நாட்டியம் கிடையாது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடமும் கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரம்பலூர் நாலு ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்தது. 'மாவட்டத்திலேயே முதன்முறையாக, நாட்டியம் ஒருங்கிணைந்த இயற்பியல்!' கல்லூரியின் பெயர் வேண்டாம். அவர்களுக்கு இருக்கிற விளம்பரமே போதும்.

அபிநயாவின் அப்பா வைரக்கண்ணு, அரியலூர் சிமெண்ட் ஆலையில் லாரிகளை எடை போட்டு ரசீது கொடுப்பவர். லாரியை வெறும் வண்டியாக ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். டிரைவர்கள் அவரைக் கும்பிடுவதும் இதற்காகத்தான், திட்டுவதும் இதற்காகத்தான். "லேபைப் பாக்காம ஒத்தப் பைசா கட்டமாட்டேன்" என்று மனைவி மேகலாவிடம் சபதம் செய்துவிட்டுத்தான் வெள்ளிக்கிழமை காலையில் மகளோடு பஸ் ஏறினார்.

அபிநயாவுக்கும் லேபைப் பற்றித்தான் நினைப்பு. அவள் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு முப்பட்டகக் கண்ணாடி இருந்தது. உடைந்துவிடும் என்று அதை பீரோவில் வைத்துப் பூட்டி, படம் வரைந்து பாடம் நடத்தினார்கள். வெளிச்சத்தை ஏழு நிறமாகப் பிரிக்கும் அந்தக் கண்ணாடியை ஒரு நாளாவது கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் அவளுக்கு.

கல்லூரி முதல்வர் அரங்கநாதன் வாசல் வரை வந்து வரவேற்று, தன் அறையில் உட்கார வைத்தார். லேபைப் பார்க்க வேண்டும் என்று வைரக்கண்ணு சொன்னதும் அவர் முகம் கனத்தது.

"முறைப்படி திறந்து வைக்கப்படாத ஆய்வகத்தினுள் எவரும் பிரவேசிப்பது நிர்வாக மரபுக்கு முரணானதுங்க."

இன்னும் திறக்கவே இல்லையா என்று கேட்டதற்கு, இன்றைக்குத்தான் திறப்பு விழா என்றார்.

அபிநயா மெதுவாகக் கேட்டாள். "அப்ப சீனியர் அக்காங்கல்லாம் எங்க சார் ப்ராக்டிகல் பண்ணாங்க?"

"அவங்க மூணு வருஷமும் திறப்பு விழாக் கமிட்டியில இருந்தாங்கம்மா."

ஒவ்வொரு திறப்பு விழாவுக்கும் மாணவிகள் ஆய்வகத்தின் வாசலில் நாட்டியம் ஆடுவார்களாம். அறிவியலுக்கு அறிவியலும் ஆச்சு, நாட்டியத்துக்கு நாட்டியமும் ஆச்சு. திறந்த ஆய்வகத்தை மறுபடியும் திறக்க முடியாது என்பதால் ஒருவரையும் உள்ளே விடுவதில்லை. உள்ளே விட்டால் திறப்பு விழா நின்றுவிடும், திறப்பு விழா நின்றால் நாட்டியம் நின்றுவிடும், நாட்டியம் நின்றால் படிப்பின் பேரை மாற்ற வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும். முதல்வர் சொல்லச் சொல்ல எல்லாமே நியாயமாகத்தான் பட்டது.

வைரக்கண்ணு எழுந்துவிட்டார். திருச்சிக்கு இப்போது பஸ் பிடித்தாலும் நேரம் இருந்தது.

"இன்னைக்கு வரவேண்டிய உயர் அதிகாரிக்கு அவசரக் கூட்டம்" என்றார் முதல்வர். "பெற்றோர்களின் பிரதிநிதியா தாங்களே தலைமையேற்றுத் திறந்து வைக்கணும்."

ஆலை விழாக்களில் வைரக்கண்ணு நாற்காலி போட்டிருக்கிறார். மைக் செட்டுக்காரனோடு சண்டை போட்டிருக்கிறார். மேடையில் உட்கார் என்று இதுவரை ஒரு ஆளும் சொன்னதில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார்.

சால்வை வந்தது. தட்டில் கத்திரிக்கோல் வந்தது. அபிநயாவுக்குச் சலங்கை வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் முப்பட்டகக் கண்ணாடி இருக்கிறது என்ற நினைப்பிலேயே அவள் ஆடினாள். நன்றாகவே ஆடினாள்.

ரிப்பனைக் கையில் பிடித்தபோது வைரக்கண்ணு கவனித்தார். அதில் வரிசையாக முடிச்சுகள். எத்தனையோ பேர் வெட்டி, எத்தனையோ தடவை கட்டிய ரிப்பன். வேறொரு நாளாக, அது ஒரு லாரியாக இருந்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பார். இன்றைக்கு முடிச்சின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

வெட்டி முடித்ததும் உள்ளே போகத்தான் திரும்பினார். "சார், இந்தப் பக்கம்" என்றார் போட்டோகிராபர். அந்தப் பக்கம் டீ இருந்தது. டீக்கு அடுத்து பணம் கட்டும் அறை இருந்தது. பணம் கட்டிய ரசீதோடு வெளியே வரும்போது, நாளைக்கு விழா இருக்கிறது என்று வாட்ச்மேன் சால்வையை மட்டும் பணிவோடு திருப்பி வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் போட்டோ போனுக்கு வந்தது. வைரக்கண்ணு உடனே ஸ்டேட்டஸில் வைத்தார். அபிநயா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அப்பா, ஒங்க பின்னாடி பூட்டு தெரியுது."

தெரிந்தது. துருப்பிடித்த பெரிய பூட்டு. திருச்சிக் கல்லூரியில் கெடு முடிந்திருந்தது. வைரக்கண்ணு போனை வாங்கிப் பார்த்துவிட்டு மகளிடமே திருப்பி நீட்டினார்.

"அத மட்டும் எடுத்துட்டுக் குடு பாப்பா" என்றார்.

படத்தில் பூட்டை வெட்டி எடுத்ததில் கதவும் சேர்ந்து போனது. அப்பாவும் கத்திரிக்கோலும் மிச்சம். அதையே மறுபடியும் ஸ்டேட்டஸில் வைத்தார்கள்.

எறையூரிலிருந்து மேகலாவின் தம்பி கருப்பண்ணன் கூப்பிட்டான். தன் மகள் முத்தமிழையும் அங்கேயே சேர்த்துவிடலாம் என்று யோசிக்கிறானாம்.

"லேப்லாம் நல்லாருக்கா மாமா?"

வைரக்கண்ணு மகள் இருந்த பக்கம் திரும்பவில்லை. "நேர்ல பாக்காம நான் என்னைக்கு மாப்ள கையெழுத்துப் போட்டுருக்கேன்?"

"அது போதும் மாமா" என்றவன், கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் ரிப்பன் வெட்டக் குடுப்பாங்கல்ல?"