துப்புக் கெட்ட துப்பாக்கி

தான் இனிமேல் தோற்றால் அதற்குத் துப்பாக்கிதான் பொறுப்பு என்று டெல்மார் முடிவு கட்டி இரண்டு வருஷம் ஆகிறது.

நெப்ராஸ்காவில் நவம்பர் வந்தால் வானமும் அறுத்துப்போட்ட சோளக்கொல்லையும் ஒரே சாம்பலாகக் கிடக்கும். அந்தச் சாம்பலில் எந்திரம் வீசும் இரண்டு மண்தட்டுகள் சேர்ந்தாற்போலச் சீறிக் கிளம்பும். இரண்டையும் அடுத்தடுத்துச் சுட்டு நொறுக்க வேண்டும். அதுதான் போட்டி. ஒரு காலத்தில் டெல்மார் சுட்டால் தட்டு மிஞ்சாது. இப்போது சாப்பாட்டுத் தட்டில்தான் எதுவும் மிஞ்சுவதில்லை. வானத்துத் தட்டெல்லாம் முழுசாகத் தரையிறங்கிக்கொண்டிருந்தன.

ஒவ்வொரு ஞாயிறும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீடு திரும்புவார்.

"மறுபடியும் சிக்கிக்கிச்சு ஆர்டிஸ். ஒரு குண்டு போச்சு, காலித் தோட்டா வெளிய வரமாட்டேங்குது. ரெண்டாவது தட்டு என்னப் பாத்து டாட்டா காட்டிட்டுப் போயிருச்சு. துப்புக் கெட்ட துப்பாக்கி!"

"துப்புக் கெட்டது துப்பாக்கிதானா?" என்பாள் மனைவி.

அவர் சொன்னதில் பாதி நிஜம். சுடும்போது கிளம்பும் புகையே காலித் தோட்டாவைத் தள்ளிவிட்டு அடுத்ததை ஏற்றிவிடும் ரகம் அது. புகை போகிற வழியில் கரி அடைத்தால் முரண்டு பிடிக்கும். டெல்மார் அதைத் துடைப்பதே இல்லை. மேலே மேலே எண்ணெயை ஊற்றுவதோடு சரி.

மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தட்டு இரண்டாகத் தெரிந்தது. சில நாள் தெரியவே இல்லை. அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் சுவரைத் தடவித் தடவித்தான் நடந்தார். சாப்பிடும்போது ஸ்பூனைத் தேடுவார். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் டெல்மார் துப்பாக்கியைத் திட்டுவார்.

"ஏங்க, போன வாரம் சர்ச் வாசல்ல கம்பத்துக்கு குட்மார்னிங் சொன்னீங்களே?"

"நம்ம டீம் கேப்டன் வெர்லின்னு நெனச்சேன். அவனும் ஒல்லிதானே!"

"கண் டாக்டர்கிட்ட போலாம்."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. துப்பாக்கிதான் சரியில்ல."

ஆர்டிஸ் கையிலிருந்த பாத்திரத்தை வைத்தாள். "சரி, அத நான் துடைக்கிறேன். ஞாயித்துக்கிழம அது ஒரு தடவகூடச் சிக்காம, அப்பவும் நீங்க கோட்டை விட்டா, திங்கக்கிழம டாக்டர்."

"சிக்கிச்சுன்னா?"

"புதுத் துப்பாக்கி வாங்கிக்குங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்."

இரண்டாவது சலுகையில் டெல்மார் விழுந்துவிட்டார்.

ஆர்டிஸ் காலமெல்லாம் மாட்டுப் பண்ணையில் பால் கறக்கும் மிஷினோடு மல்லுக்கட்டியவள். குழாயும் ரப்பரும் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. சமையல் மேஜையில் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டாள்.

"எண்ணெயா ஊத்தியிருக்கீங்க? இதுல பன்னிக்கறியே பொரிக்கலாமே!"

பொடித் துளைகளில் கம்பி விட்டுக் கரியைக் குடைந்தாள். குழாயைப் பளபளவென்று துடைத்து, ஈரம் காட்டினாற்போல எண்ணெய் தடவி, புது ரப்பர் வளையம் ஒன்றை மாட்டினாள்.

"இந்த வளையம் முக்கியங்க. இது இல்லேன்னா புகை கசிஞ்சு போயிரும். ஒரே குண்டோட துப்பாக்கி படுத்துக்கும்."

அப்படியா சங்கதி! பொண்டாட்டி வாயாலேயே வழி பிறந்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம். சமையலறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. டெல்மார் மெல்லத் துப்பாக்கி வைத்திருந்த கொட்டகைக்குள் போனார். தடவித் தடவிக் குழாயின் அடியிலிருந்த முன்கட்டையைக் கழற்றினார். வளையத்தை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி பூட்டினார். எதிரே இருந்த மங்கலைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. மைதானத்தில் குளிர்காற்று காதை அறுத்தது. ஆர்டிஸ் கம்பளிக்குள் சுருண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"விடு!" என்றார் டெல்மார்.

இரண்டு தட்டுகள் பறந்தன. டுமீல். துப்பாக்கி இனிப் படுத்துவிடும் என்று காத்திருந்தார். காலித் தோட்டா துள்ளி வெளியே குதித்தது. அடுத்தது தானாக ஏறிக்கொண்டது. விரல் தன்பாட்டுக்கு அழுத்திவிட்டது. டுமீல். இரண்டு தட்டும் சேதாரமில்லாமல் புல்லில் போய் இறங்கின.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். வளையம் பத்திரமாக இருந்தது.

"விடு!" மறுபடியும் டுமீல், டுமீல். தையல் மிஷின் தோற்றது. ஒரு தடவை சிக்கக் கூடாதா? ஒரே ஒரு தடவை? முடிகிறவரை அது சிக்கவே இல்லை. அவருக்குத் தட்டும் சிக்கவில்லை.

வெர்லின் பக்கத்தில் வந்து தொண்டையைக் கனைத்தான். "துப்பாக்கி நல்லாத்தான்டா பாடுது. வசந்தகாலப் போட்டிக்கு உன் எடத்துல வேற ஆளப் போட்டுக்கறோம். தப்பா நெனச்சுக்காத."

டெல்மார் தலையாட்டினார். சொல்ல ஒரு சாக்கும் கைவசம் இல்லை.

திரும்பும்போது ஆர்டிஸ்தான் வண்டி ஓட்டினாள். கண்ணாடியில் பனிமழை சடசடத்தது. பாதி வழியில் டெல்மார் சொன்னார்.

"அப்பா மாதிரி ஆயிருவேனோன்னு பயமா இருக்கு ஆர்டிஸ்."

"தெரியும். பயந்துக்கிட்டே வாங்க, பரவால்ல. நான் கூட்டிட்டுப் போறேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து வளையத்தை எடுத்து நீட்டினார்.

"இத நான் கழட்டிட்டேன்."

"ஆமா. காலைல வேற ஒண்ணு மாட்டுனேன்."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது? யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீங்க கழட்டறப்ப கொட்டகையில உங்க எதிர்லதாங்க நின்னுக்கிட்டிருந்தேன். என்னப் பாத்துச் சிரிச்சீங்களே!"