பிளாஸ்திரியைப் பிய்த்து எறியச் சொன்ன அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் பொய்யாகத் தெரிந்தது, அடித்துவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கம். உன் விரல் வீக்கம் வடிந்ததா?

நீ சிவப்பு மையில் கோடு போட்டு அனுப்பிய பத்திரிகைத் துண்டு கிடைத்தது. மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் சிகிச்சை எடுக்கும் பெண்களுக்கு, உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்கும் முடக்குவாதம் மாதிரியான நோய்கள் கொஞ்சம் கூடுதலாக வருவதாக ஏதோ ஆய்வில் தெரிந்ததாம். ஓரத்தில் நீ, "எனக்கு முடக்குவாதம் வந்தது இந்த ஹார்மோன் மாத்திரையாலதான். நான் தூக்கிப் போட்டாச்சு. நீயும் அந்தப் பிளாஸ்திரியைப் பிச்சு எறி" என்று எழுதியிருந்தாய். வளைந்த விரலோடு நீ எழுதிய அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தபின் வாதாடத் தெம்பில்லை. வயிற்றில் ஒட்டியிருந்த ஹார்மோன் பிளாஸ்திரியை அப்போதே பிய்த்து எறிந்தேன்.

அப்புறம் நடந்ததைக் கேள். கொஞ்ச நாள் ஒன்றுமில்லை, அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இவரிடம் பீற்றிக்கொண்டேன். பிறகு காதுக்குள் யாரோ அடுப்பு மூட்டினாற்போல் சூடு ஏற ஆரம்பித்தது, தூக்கம் போச்சு, பேசிக்கிட்டிருக்கும்போதே வார்த்தை மறந்து போச்சு. நான் சொல்லிக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூல் கார்ல ஏறினா ஏசியை முழுசா வச்சிடுவேன், வண்டி கத்துக்க வர்ற பேங்க் அதிகாரி பாவம் மப்ளர் கட்டிக்கிட்டு வர ஆரம்பிச்சார். போன வாரம் அந்த மனுஷன் ரவுண்டானாவுல சுத்திக்கிட்டே இருக்கார், இடது பக்கம் திரும்புங்கன்னு சொல்லணும், எனக்கு இடதுங்கிற வார்த்தையே வரலை. "போங்க சார், இதை விட்டுப் போங்க!"ன்னு கத்தினேன். அவர் நடு ரோட்டுல வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, இறங்கிப் போயிட்டார். பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், நான் அவர் சீட்டுக்கு நகர்ந்து வண்டியை எடுக்கக்கூடத் தோணாம உக்காந்து அழறேன். முதலாளியம்மா கூப்பிட்டு, "கொஞ்ச நாள் ஆபீஸ்ல போன் எடுங்க" என்றார். இத்தனை வருஷம் ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான்!

இது போதாதென்று காலையில் கைமூட்டெல்லாம் இறுகிக்கொண்டது. உன் வியாதியேதான் என்று நடுங்கி டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"பிளாஸ்திரியை யார் நிறுத்தச் சொன்னது?"

"அக்கா."

"அவங்க டாக்டரா?"

"அதுக்கும் மேல. மூத்தவங்க."

அவர் சிரிக்கவில்லை. நீ அனுப்பிய பத்திரிகைத் துண்டை நீட்டினேன், படித்துவிட்டு, "ரெண்டும் சேர்ந்து தெரியுதுங்கிறதால ஒண்ணாலதான் இன்னொண்ணு வந்துச்சுன்னு ஆகாது. ஹார்மோன் எடுக்கிறவங்க அடிக்கடி டாக்டர்கிட்ட வர்றாங்க, அதனால நோயும் சீக்கிரம் கண்ணுல படலாம். அதுக்காக பயமே இல்லைன்னும் சொல்லமாட்டேன். உங்க குடும்பத்துல இருக்கு, கவனமா பார்த்துக்கணும். இந்த மூட்டு வலி ஹார்மோன் குறைஞ்சாலும் வரும்" என்றார். ரத்தப் பரிசோதனையில் வாதத்துக்கான அறிகுறி எதுவும் இல்லை.

"அப்ப ஒட்டிக்கட்டுமா, வேண்டாமா?"

"நீங்கதாம்மா முடிவு பண்ணணும்."

அவ்வளவு படித்தவர் என்னையே கேட்கிறார்! யோசித்தேன், அக்கா. நீயே இந்த அவஸ்தையையெல்லாம் பொறுத்துக்கொண்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டிருக்கும்போது, நான் மட்டும் சுகமாகத் தூங்கினால் நன்றாகவா இருக்கும்? ஒட்டாமலேயே ஓட்டிவிடுகிறேன். வேலை போனால் போகட்டும்.

அத்தானும் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவளாக இருந்து எங்களை ஆசீர்வதி.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: உறை ஒட்டும்போது அத்தான் போன் செய்தார். நீ எங்கே என்று கேட்டேன். "மாத்திரை போட்டுட்டுப் படுத்திருக்காம்மா. நடுவுல நாலு நாள் நிறுத்திப் பார்த்தா, வீடே ரெண்டாச்சு, மறுபடி ஆரம்பிச்சுட்டா. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னா" என்றார். புதுப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன். கோபமில்லை, அக்கா. நன்றாகத் தூக்கம் வருகிறதா, அதை மட்டும் எழுது.