வழுக்கி விழுந்த சிங்கமும் மணல் செய்த பிசினம்மாவும்

ஒரு காட்டில், மரங்கள் முடிந்து கடல் தொடங்குகிற ஓரத்தில், பிசினம்மா என்றொரு நுண்ணுயிர் குடியிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத உருவம். குடும்பம் மட்டும் பெரிது. நுண்ணுயிர்களுக்குப் பிள்ளைப்பேறு என்றால் நடுவில் பிளந்து இரண்டாகிவிடுவதுதான். பக்கத்தில் இருப்பவள் மகளா, தங்கையா, இல்லை தானேதானா என்று சமயத்தில் அவளுக்கே குழம்பிப்போகும்.

அவர்கள் வேலை மணல் செய்வது. உடைந்த சிப்பித் துணுக்கு ஒன்று கிடைத்தால் போதும், எல்லோருமாக அதன்மேல் ஏறி உட்கார்ந்து பசையைக் கசியவிடுவார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு அந்தப் பசையில் வந்து படியும். அலை அதை இங்கேயும் அங்கேயும் உருட்டும். மறுபடி பசை, மறுபடி சுண்ணாம்பு. வெங்காயத்தில் தோல் இருக்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் படிந்து, கடைசியில் கடுகளவு வெள்ளை மணி ஒன்று உருவாகும். அந்தக் கரை முழுவதும் அப்படிச் சேர்ந்ததுதான். யாரும் அவளைக் கேட்டதில்லை. தட்டில் சோறு எப்படி வந்தது என்று யார் கேட்கிறார்கள்?

ஒருநாள் சிங்கராஜா கடலில் குளிக்க வந்தார். மான்கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, பசையில் கால் வைத்து வழுக்கி, நாலு காலும் வானத்தைப் பார்க்க விழுந்தார். மான்கள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவை பட்ட பாட்டை ராஜா பார்த்துவிட்டார். அதுதான் வினை.

மறுநாளே உத்தரவு வந்தது. கரையைச் சுத்தமாகக் கழுவ வேண்டும். மணல் செய்கிறவர்கள் மட்டும் அங்கே குடியிருக்கலாம். அவர்கள் கொக்கு அதிகாரியிடம் நேரில் வந்து பதிந்துகொள்ள வேண்டும்.

"நம்மளை விட்டா வேற யாரு செய்யறா? போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள் பிசினம்மா.

"அண்ணி, பார்த்துப் பேசுங்க. இடம் போச்சுன்னா நமக்குப் போக்கிடம் கிடையாது" என்றாள் நாத்தனார்.

கொடுக்கப்பன் என்கிற நண்டு அந்தப் பக்கம் போனான். அவன் காலில் ஒட்டிக்கொண்டு பிசினம்மா அலுவலகம் போய்ச் சேர்ந்தாள். வரிசை நீளம். கடலையே பார்த்திராத குரங்குகூட மணல் செய்பவர் என்று சொல்லிக்கொண்டு நின்றது.

"அடுத்து யாரு?" என்றார் கொக்கு அதிகாரி.

"நான்தாங்க, பிசினம்மா."

அதிகாரி கழுத்தை நீட்டி, வளைத்து, மேசைக்குக் கீழேயும் பார்த்தார். "யாரும்மா பேசறது? காமிராவுக்கு முகத்தைக் காட்டு."

"காட்டிக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

'முகம் கிடைக்கவில்லை. மீண்டும் முயற்சிக்கவும்' என்றது காமிரா.

"சரி, விரலையாவது வை."

"விரல் இல்லீங்க."

"குடும்பத்துல எத்தனை பேரு?"

"வரிசைல நிக்கறப்போ ஐம்பது பேருங்க. இப்போ நூறு."

"அதிகாரிகிட்டயே நக்கலா? மெஷின்ல முகம் இல்லேன்னா ஆளே இல்லை. இல்லாத ஆளு எப்படிம்மா மணல் செய்யும்? நகரு, நகரு!"

"கொடுக்கப்பண்ணே, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று கெஞ்சினாள் பிசினம்மா.

கொடுக்கப்பன் தொண்டையைச் செருமினான். "ஐயா, மணல் செய்யறது நான்தான்" என்றான்.

சொன்னதோடு, அதிகாரியைக் கரைக்கே அழைத்துப்போய்ச் செய்தும் காட்டினான். மணலை அள்ளி வாயில் போட்டு, உருட்டி, உருண்டையாகத் துப்பினான். நண்டு மணலை உருட்டுவதே அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களை வழித்துத் தின்னத்தான். ஒவ்வொரு உருண்டைக்கும் பிசினம்மாவின் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர் அவன் வயிற்றுக்குள் போனார்கள்.

"ஆகா! கண்ணால பார்த்தாச்சு!" என்று அதிகாரி முத்திரை குத்தினார். பிறகு தண்ணீர் ஏறி வந்து அத்தனை உருண்டையையும் கரைத்தது. அதற்குள் அவர் மீன் சாப்பிடப் போயிருந்தார்.

கொடுக்கப்பனுக்கு 'மணல் வேந்தர்' என்று பட்டம். கரையைக் கழுவும் வேலையும் அவனுக்கே. தினமும் மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடர் கொட்டித் தேய்த்தான். பிசினம்மாவும் நாத்தனாரும் ஒரு மணியின் ஓட்டைக்குள் ஒடுங்கிக்கொண்டு தப்பினார்கள். மற்றவர்கள் போனவர்கள் போனவர்கள்தான். அழுதாலும் அந்தக் கண்ணீர் யாருக்குத் தெரியப்போகிறது?

கரை பளபளத்தது. புது மணி மட்டும் உருவாகவில்லை. பழைய மணிகளை அலை கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்கு இழுத்துப்போனது. மணல் வேந்தர் உருட்டத் தயாராகத்தான் இருந்தார். உருட்டத்தான் மணல் இல்லை. அடுத்த தடவை சிங்கராஜா குளிக்க வந்தபோது வெறும் பாறையில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டார்.

"எவன் செய்த வேலை இது?" என்று கர்ஜித்தார்.

பழி போட ஆள் வேண்டுமென்றதும் அலுவலகத்துக்கு வந்த சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டுமே! பக்கத்துக் காட்டிலிருந்து அன்றைக்கே நுண்ணோக்கி வந்து இறங்கியது. கொக்கு அதிகாரி ஒற்றைக் கண்ணை வைத்தார்.

"அட, நீதானா அது? முகம் நல்லாத் தெரியுதே!"

"அன்னைக்கே சொன்னேனேங்க, நாங்கதான் செய்யறோம்னு."

"அப்போ இப்ப ஏன் செய்யலை? யாரைக் கேட்டு நிறுத்தினே?"

"எங்க ஆளுங்களை நீங்கதானே—"

"வாய்தாம்மா உனக்குப் பெரிசு."

விசாரணை அத்தோடு முடிந்தது. அனுமதி இல்லாமல் மணல் செய்யாமல் இருந்த குற்றத்துக்காக, பிசினம்மாவும் அவள் வம்சமும் ஆயுள் முழுவதும் அந்தக் கரையை விட்டு அசையக்கூடாது. ஓயாமல் பசை விட்டு மணல் செய்துகொண்டே இருக்க வேண்டும். தப்பி ஓடாமல் பார்த்துக்கொள்ள கொடுக்கப்பன் காவலாளி. அவனுக்குச் சாப்பாடும் அங்கேயே.

"ஐயோ அண்ணி, ஆயுள் தண்டனையாமே!" என்று நாத்தனார் ஓலமிட்டாள்.

"வாயை மூடுடி" என்றாள் பிசினம்மா, ஒரு சிப்பித் துணுக்கில் ஏறி உட்கார்ந்தபடி. "யாராவது நல்லவங்க காதுல விழுந்து, நமக்கு விடுதலை வாங்கிக் குடுத்துடப் போறாங்க."

நீதி: வேலை செய்கிறேன் என்று சொல்லிப் போனால் ஆளே இல்லை என்பார்கள். குற்றவாளியாகப் போய் நில்லுங்கள். முகமும் கிடைக்கும், குடியிருக்க இடமும் கிடைக்கும்.